மலிவாக விற்ற சிரிப்பு: டச்சு, ஃப்ளெமிஷ் ஓவியர்களின் பேரேடு

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் குடியரசில் எத்தனை ஓவியங்கள் தீட்டப்பட்டன? பொருளாதார வரலாற்றாசிரியர்கள் போட்டிருக்கும் மதிப்பீடு 50 லட்சம் முதல் 1 கோடி வரை. அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இவ்வளவில் நம் நினைவில் நிற்கும் பெயர்கள் எத்தனை? ரெம்ப்ராண்ட், வெர்மீர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆன்ட்வெர்ப்பில் ரூபன்ஸ். கொஞ்சம் படித்தவர்கள் ஃப்ரான்ஸ் ஹால்ஸையும் சேர்ப்பார்கள். ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிடுகிறது. வெர்மீர் தீட்டியதாக இன்று ஏற்கப்படுபவை 37-க்குள்தான். மீதி லட்சக்கணக்கான படங்களைத் தீட்டியவர்கள் யார், என்ன விலைக்கு விற்றார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? இந்தப் பேரேடு அவர்களுக்காக.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் படங்களில் இருக்கும் சிரிப்பு, அவற்றின் மலிவு விலையிலிருந்து பிறந்தது. அரசனும் தேவாலயமும் மட்டுமே வாங்கும் கலையில் குழந்தைக்குக் கால் கழுவிவிடும் தாய்க்கு இடம் கிடைக்காது. ரொட்டிக்கடைக்காரரும் பீப்பாய் செய்பவரும் வாங்கும் கலையில்தான் அவளுக்கு இடம் கிடைக்கும். எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

உற்பத்திக் கணக்கு

யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் மைக்கேல் மோன்டியாஸ் டெல்ஃப்ட் நகரின் பழைய சொத்துப் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 1982-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறைக்கே புது வழி காட்டியது. டெல்ஃப்டில் அன்று சுமார் 25,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் படம் மாட்டிய வீடுகளில் இருந்தார்கள். சுமார் 4,000 வீடுகளில் 40,000 முதல் 50,000 படங்கள் தொங்கின என்பது அவர் கணக்கு. சராசரியாக வீட்டுக்குப் பத்துப் படங்களுக்கு மேல்.

நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் நூற்றாண்டின் நடுவில் 650 முதல் 750 ஓவியர்கள் வேலை செய்தார்கள்; ஆண்டுக்கு ஏறக்குறைய 70,000 படங்கள் வெளிவந்தன என்று மதிப்பிடுகிறார்கள். வகுத்துப் பாருங்கள்: ஓவியர் ஒருவருக்கு ஆண்டுக்கு நூற்றை நெருங்குகிறது. வாரத்துக்கு இரண்டு படம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1615-இல் ஆன்ட்வெர்ப்பில் கடல் காட்சி ஓவியர் யான் போர்செலிஸ் ஒரு பீப்பாய் செய்பவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். 20 வாரங்களில் 40 கப்பல் படங்கள், வாரத்துக்கு இரண்டு வீதம் தீட்டித் தர வேண்டும். பலகை பீப்பாய்க்காரருடையது. பொருளாதார அறிஞர் பின்னாளில் போட்ட சராசரி, பீப்பாய்க்காரரின் ஒப்பந்தத்தில் அப்போதே எழுத்தில் இருந்திருக்கிறது.

யார் வாங்கினார்கள்? 1641 ஆகஸ்டில் ராட்டர்டாம் சந்தைக்குப் போன ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதுகிறார். சந்தை முழுக்கப் படங்கள் குவிந்துகிடந்தனவாம். அவற்றில் இயற்கைக் காட்சிகளும், வேடிக்கைப் படங்களும் மிகுதி. சாதாரண விவசாயிகள்கூட இரண்டாயிரம், மூவாயிரம் பவுன் வரை படங்களில் போட்டிருக்கிறார்கள் என்கிறார். தொகை மிகைதான். ஆனால் வேடிக்கைப் படம் என்று ஒரு சரக்கு தனியாகப் பெயர் சொல்லும் அளவுக்குச் சந்தையில் விற்றது என்பது மிகையில்லை.

அளவுகோல்: ஒரு கில்டர்

விலைகளைப் புரிந்துகொள்ள ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு கில்டருக்கு 20 ஸ்டைவர். கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு நாள் கூலி ஏறத்தாழ ஒரு கில்டர். ஆண்டு வருமானம் சுமார் 300 கில்டர். இதை வைத்துச் சில விலைகளைப் பார்ப்போம்.

– ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்', 1642: 1,600 கில்டர். தொழிலாளியின் ஐந்து ஆண்டுக் கூலிக்கு மேல்.
– யான் வான் ஹோயன், 'தி ஹேக் நகரக் காட்சி', 1651: நகர நிர்வாகம் கொடுத்தது 650 கில்டர். இரண்டு ஆண்டுக் கூலிக்கு மேல். படத்தின் அகலம் நான்கு மீட்டரைத் தாண்டும்.
– வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்', 1696 ஏலத்தில்: 175 கில்டர். ஏழு மாதக் கூலி.
– அதே ஏலத்தில் 'சரிகை பின்னும் பெண்': 28 கில்டர். ஒரு மாதக் கூலி.
– வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்', 1881-இல் தி ஹேக் ஏலத்தில்: 2 கில்டர், மேற்கட்டணம் 30 காசு.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். இன்று உலகமே வரிசையில் நின்று பார்க்கும் முகம் அன்றைக்கு இரண்டு கில்டர் சொச்சத்துக்குப் போனது. விலையை மட்டும் பார்த்துக் கலையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெர்மீரை மீட்டெடுக்க ஆட்கள் வந்தார்கள். மற்றவர்களுக்கு இன்னும் போதுமான ஆட்கள் வரவில்லை.

பலகை, நிறம், நேரம்

ஒரு படம் எப்படி மலிவானது? மூலப்பொருளில் தொடங்குவோம். ஓக் பலகைகள் பால்டிக் கடல் பக்கமிருந்து வந்தன. ஆன்ட்வெர்ப்பில் பலகை செய்பவர்கள் தரம் பார்த்து, நகரச் சின்னமான கோட்டையையும் இரண்டு கைகளையும் பின்புறத்தில் சூட்டுக்குறியாக இடுவார்கள். பலகைகளுக்கு நிலையான அளவுகள் இருந்தன. அளவுக்குப் பெயரே விலைதான். 'கில்டர் அளவு', '26 ஸ்டைவர் அளவு', '8 ஸ்டைவர் அளவு' என்றே கேட்டு வாங்கினார்கள். தூரிகை படுவதற்கு முன்பே பலகை தன் விலையைப் பெயராகச் சுமந்துகொண்டிருந்தது.

அடுத்தது நிறம். விலை உயர்ந்த நீலத்தையும் சிவப்பையும் ஒதுக்கிவிட்டு, மண் நிறங்களான பழுப்பையும் சாம்பலையும் மஞ்சளையும் மட்டும் வைத்து, முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டு ஒரே மூச்சில் முடிக்கும் முறை 1620களில் பரவியது. இதில் கைதேர்ந்தவர் லைடன் நகரத்தில் பிறந்த யான் வான் ஹோயன் (1596–1656). அவர் தீட்டிய படங்கள் சுமார் 1,200. சிக்கனத்துக்காக வந்த அந்த முறை, ஈரம் கனத்த ஹாலந்தின் வானத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. மழை வரப்போகும் மாலையின் நிறத்தை அவரைப்போல் பிடித்தவர்கள் குறைவு.

நேரத்தைப் பற்றி ஓர் அருமையான கதையை ஓவியர் சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராடன் 1678-இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார். மூன்று ஓவியர்கள் பந்தயம் கட்டினார்கள்: ஒரே பகலில் யார் சிறந்த படம் தீட்டுவது? முதலாமவர் க்னிபர்ஹன், கடிதம் எழுதுவதுபோல் தங்குதடையின்றித் தீட்டிக்கொண்டே போனார். இரண்டாமவர் வான் ஹோயன். பலகை முழுக்க இங்கே வெளிச்சம், அங்கே இருட்டு என்று நிறத்தை அப்பினார். பிறகு அந்தக் கறைகளுக்குள்ளிருந்தே குடிசைகளையும் படகுகளையும் கண்டெடுத்தார். மூன்றாமவர், நாம் மேலே பார்த்த அதே போர்செலிஸ். அரைநாள் தூரிகையையே அசைக்கவில்லை. பார்த்தவர்கள், ஆளுக்கு வேலை மறந்துவிட்டதோ என்று நினைத்தார்கள். அவர் மனத்துக்குள் படத்தை முழுக்கத் தீட்டி முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார். பொழுது சாய்ந்தபோது பந்தயத்தில் வென்றவர் அவர்தான்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் லைடனின் ஹேரிட் டௌ (1613–1675). அவர் வீட்டுக்குப் போன ஜெர்மன் ஓவியர் சாண்ட்ரார்ட், படத்தில் இருந்த ஒரு துடைப்பக் கட்டையைப் பாராட்டினார். அது விரல் நகத்தை விடச் சற்றே பெரியது. டௌ சொன்ன பதில்: அதில் இன்னும் மூன்று நாள் வேலை இருக்கிறது. இந்தப் பொறுமைக்குக் காசு கொடுக்கவும் ஆள் இருந்தார். சுவீடன் அரசுக்காக ஹாலந்தில் இருந்த தூதர் ஒருவர், புதுப் படங்களை முதலில் தமக்குக் காட்ட வேண்டும் என்ற ஒரே உரிமைக்காக ஆண்டுக்கு 500 கில்டர் கொடுத்தார். படத்தின் விலை தனி.

சிரிப்பு வரிசை

இனி ஆட்களைப் பார்ப்போம்.

*ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் (1585–1634).* பேச்சு வராதவர். 'காம்பன் ஊர் ஊமை' என்றே ஊரார் அழைத்தார்கள். மணமாகாத மூத்த மகன் தனக்குப் பின் என்ன செய்வானோ என்று கலங்கிய தாய், 1633-இல் எழுதிய உயிலில் அவருக்கு ஆண்டுதோறும் 100 கில்டர் தனியாக ஒதுக்கினார். தாய் போன சில மாதங்களில் மகனும் போய்ச் சேர்ந்தார். அந்த வாயில்லாத மனிதர் தீட்டிய படங்கள் இரைச்சலால் நிரம்பியவை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும், 1608 வாக்கில் தீட்டிய 'பனிச்சறுக்குக் காட்சி' 77 சென்டிமீட்டர் உயரம், 132 சென்டிமீட்டர் அகலம். உறைந்த ஆற்றின் மேல் ஊரே இறங்கி நிற்கிறது. சீமான் சறுக்குகிறார், சீமாட்டி வழுக்குகிறார், ஒருவர் மல்லாக்க விழுகிறார். இடது கீழ் மூலையில் ஒரு பழைய கதவைக் குச்சியால் முட்டுக்கொடுத்துக் குருவிப் பொறி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் செத்த குதிரையை நாய் கடிக்கிறது. ஒரு பக்கம் யாரோ ஒருவரின் வெறும் பிட்டம் தெரிகிறது. இன்னொரு பக்கம் வைக்கோலில் ஒரு காதல் ஜோடி. பேச முடியாத ஒருவர் தூரிகையாலேயே எல்லாவற்றையும் பேசியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

*அட்ரியான் ப்ரௌவர் (சுமார் 1605–1638).* ஃப்ளாண்டர்ஸில் பிறந்து, ஹார்லெமில் வேலை செய்து, ஆன்ட்வெர்ப்பில் முப்பத்து மூன்று வயதுக்குள் மறைந்தவர். இன்று இருப்பவை ஏறத்தாழ 60 படங்கள். பெரும்பாலும் குடிகாரர்கள், சீட்டாட்டச் சண்டைகள், பல் பிடுங்கும் வைத்தியர்கள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கும் 'கசப்பு மருந்து' 47 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை. கலைந்த தலை, இறுக மூடிய கண், கோணிய வாய். கஷாயம் குடித்த எவருக்கும் அந்த முகம் தெரியும். நியூயார்க்கில் இருக்கும் 'புகைபிடிப்பவர்கள்' படத்தில் ப்ரௌவர் தம்மையும் நண்பர்களையும் சேர்த்துத் தீட்டியிருக்கிறார். நன்றாக உடுத்திய ஒருவர் மூக்கின் ஒரு துளையை விரலால் அடைத்துக்கொண்டு மறு துளையால் புகை விட்டுப் பார்க்கிறார்.

இந்தக் 'குடிகாரப் படங்களை' யார் மதித்தார்கள் தெரியுமா? 1640-இல் ரூபன்ஸ் இறந்தபோது அவர் வீட்டில் ப்ரௌவரின் படங்கள் 17 இருந்தன. 1656-இல் ரெம்ப்ராண்ட் நொடித்துப்போனபோது எழுதிய சொத்துப் பட்டியலின் முதல் வரியே ப்ரௌவரின் ஒரு சிறு படம். பலகாரம் சுடும் ஒருவனைத் தீட்டியது. இரண்டு பேராசான்கள் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டவரை நாம் சிறிய ஓவியர் என்று சொல்லலாமா?

*யோஸ் வான் க்ராஸ்பேக்.* ரொட்டி சுடுபவர். 1633-இல் ப்ரௌவர் ஆன்ட்வெர்ப் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, கோட்டைக்குள் ரொட்டிச் சூளை நடத்தியவர் இவர்தான். கைதியோடு பழகினார், தூரிகை பிடித்தார், ஓவியர் சங்கத்தில் ரொட்டி சுடுபவராகவும் ஓவியராகவும் பதிந்துகொண்டார்.

*யான் மீன்ஸே மோலனார் (சுமார் 1610–1668), மிகலினா வாட்டியர் (இறப்பு 1689).* இவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவரும் ஐம்புலன்களை ஐந்து படங்களாகத் தீட்டினார்கள். ஹார்லெமில் மோலனார் தீட்டியது 1637-இல். ஒவ்வொன்றும் நம் நோட்டுப் புத்தகத்தை விடப் பெரிதல்ல. பார்வை: ஒருவர் காலிக் குவளைக்குள் எட்டிப் பார்க்கிறார். தொடுதல்: மனைவி செருப்பைக் கழற்றிக் கணவன் தலையில் போடுகிறாள். நுகர்தல்: தாய் குழந்தைக்குக் கால் கழுவிவிடுகிறாள், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அந்தத் தாயின் முகத்தைக் கவனியுங்கள். அவளுக்கு நாற்றமே தெரியவில்லை, வேலை மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் உலகம் இடிந்து விழுந்துவிட்டது. எந்த நாட்டு வீட்டிலும் நடப்பதை ஒரு சாண் பலகையில் பிடித்துவிட்டார்.

பிரஸ்ஸல்ஸில் வாட்டியர் 1650-இல் அதே ஐம்புலன்களுக்கு ஐந்து சிறுவர்களை உட்கார வைத்தார். நுகர்தல்: பையன் அழுகிய முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்துகிறான். தொடுதல்: கத்தியால் விரலை வெட்டிக்கொண்ட பையன் ரத்தத்தைப் பார்த்து விழிக்கிறான். நூற்றாண்டுகளாக ஐம்புலன் என்றால் பெரும்பாலும் தேவதைகளையும் அழகிகளையும்தான் தீட்டினார்கள். வாட்டியர் தெருப்பிள்ளைகளைப் போலிருக்கும் நிஜப் பையன்களைத் தீட்டினார். இவருடைய படைப்புகளுக்கென்றே முதல் கண்காட்சி ஆன்ட்வெர்ப்பில் நடந்தது 2018-இல். இறந்து 329 ஆண்டுகள் கழித்து.

*கிளாரா பேட்டர்ஸ்.* ஆன்ட்வெர்ப் மரபில் வந்த பெண். 1607 முதல் 1621 வரை தேதியிட்ட படங்கள் கிடைக்கின்றன. மொத்தம் 40 அளவில் இருக்கும். பாலாடைக்கட்டி, மீன், பூ, பொற்கிண்ணம் என்று மேசைப் பொருள்களைத் தீட்டுவார். கார்ல்ஸ்ரூவே அருங்காட்சியகத்தில் இருக்கும் 1612-ஆம் ஆண்டுப் படத்தில் கிண்ணத்தின் குமிழ்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு பெண் உருவம் பிரதிபலிக்கிறது. அது கிளாராவேதான், வண்ணப் பலகையோடு, ஆறு முறையாவது. பெண் என்று ஓரம் தள்ளிய காலத்தில் கண்ணாமூச்சி ஆடியே தன் முகத்தை அழியாமல் வைத்துவிட்டுப் போனார். 1819-இல் தொடங்கிய மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று முதல் தனிக் கண்காட்சி வைத்தது 2016-இல். அது இவருக்குத்தான்.

*கொர்னேலிஸ் ஹைஸ்பிரெக்ட்ஸ்.* ஆன்ட்வெர்ப்காரர், 1668 முதல் 1672 வரை டென்மார்க் அரசவையில் வேலை. கோபன்ஹேகனில் இருக்கும் அவருடைய படம் 66 சென்டிமீட்டர் உயரம், 87 சென்டிமீட்டர் அகலம். படத்தில் என்ன இருக்கிறது? ஒரு படத்தின் பின்பக்கம். சட்டம், ஆணிகள், துணியின் நெசவு, ஒட்டிய காகிதத் துண்டில் '36' என்ற எண். சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து நீங்கள் அதைத் திருப்பினால், அங்கேயும் பின்பக்கம்தான் இருக்கும். முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அந்தக் குறும்பு கெடாமல் இருக்கிறது.

*யான் ஸ்டேன் (1626–1679).* வான் ஹோயனின் மருமகன். இவர் பெயரில் இருப்பவை 350-க்கும் மேல். குழந்தைகளும் நாய்களும் கவிழ்ந்த கிண்ணங்களுமாக இவர் தீட்டிய வீடுகளால், தாறுமாறாகக் கிடக்கும் வீட்டை டச்சுக்காரர்கள் இன்றும் 'யான் ஸ்டேன் குடித்தனம்' என்கிறார்கள். தி ஹேக் மௌரிட்ஸ்ஹௌஸில் இருக்கும் பெரிய குடும்பப் படத்தில் பாட்டி பாடுகிறாள், அம்மா கிண்ணத்தை நீட்டுகிறாள், அப்பா மகனுக்குப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பெரிதாகச் சிரிக்கிறார். அந்த அப்பா ஸ்டேனேதான். படம் சொல்வது நாம் 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று சொல்வதைத்தான். ஊரைக் குறை சொல்லாமல் தன்னையே தவறு செய்பவராக நடுவில் உட்கார வைத்ததில் இருக்கிறது அவர் பெருந்தன்மை. 1669-இல் மனைவி இறந்தார். மறு ஆண்டு, அவருக்கு வாங்கிய மருந்துக்குத் தர வேண்டிய பத்துக் கில்டர் சொச்சத்துக்காக மருந்துக்கடைக்காரர் ஸ்டேனின் படங்களைப் பறிமுதல் செய்தார். சிரிக்க வைத்தவர் சிரித்துக்கொண்டே வாழ்ந்தார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பக்கத் தொழில் கணக்கு

மலிவு விலைக்கு விற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

– யான் ஸ்டேன்: 1654 முதல் டெல்ஃப்டில் மதுவடிப்பகம், 1672-இல் லைடனில் மதுக்கடை உரிமம்.
– மைண்டர்ட் ஹொப்பெமா: 1668 முதல் ஆம்ஸ்டர்டாம் நகருக்காக மதுப் பீப்பாய்களை அளந்து வரி குறிக்கும் வேலை.
– பிலிப்ஸ் கோனிங்க்: பயணிகள் படகுச் சேவை.
– யான் வான் ஹோயன்: வீடு, நிலம், கடைசியில் துலிப் கிழங்கு வியாபாரம். 1637-இல் துலிப் விலை சரிந்தது. அவர் அதற்குச் சில நாள் முன்புதான் கிழங்கு வாங்கியிருந்தார். 1656-இல் இறக்கும்போது கடன் 18,000 கில்டர். ஒரு தொழிலாளியின் 60 ஆண்டுக் கூலி.
– யான் வான் டி கப்பெல்லே: குடும்பத்துக்குச் சாயப் பட்டறை. 1679-இல் விட்டுச்சென்ற சொத்து 92,720 கில்டர், 200 படங்கள், 7,000-க்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள்.

கடைசி இருவருமே நீரையும் வானத்தையும் தீட்டியவர்கள்தான். ஒருவர் கடனில் போனார், மற்றவர் செல்வத்தில் போனார். வித்தியாசம் தூரிகையில் இல்லை, பக்கத் தொழிலில்.

அழித்தவையும் மீண்டவையும்

சிரிப்புக்கு எதிரி வறுமை மட்டுமல்ல, பிற்காலத்தின் நாகரிகமும்தான். ஈசாக் வான் ஓஸ்டாடே 1643-இல் ஒரு கிராமச் சந்தையைத் தீட்டினார். படத்தின் முன்பகுதியில் ஒருவன் குந்தி மலம் கழித்துக்கொண்டிருந்தான். பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருந்த அந்தப் படத்தில் 1903-இல் அவன் மேல் ஒரு புதரைப் பூசிவிட்டார்கள். 2015-இல் துப்புரவு செய்தபோது வெளியே வந்தான். 112 ஆண்டுகள் புதருக்குள் குந்தியிருந்திருக்கிறான்.

ஹென்ட்ரிக் வான் ஆந்தோனிசன் 1641 வாக்கில் தீட்டிய ஸ்கேவனிங்கன் கடற்கரைப் படம் 1873-இல் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு வந்தது. குளிர்காலக் கடற்கரையில் ஒரு கூட்டம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதைப் பார்க்கிறார்கள்? 141 ஆண்டுகள் கழித்து, 2014-இல் மேல் பூச்சைச் சுரண்டியபோது முதலில் அந்தரத்தில் நிற்கும் ஓர் ஆள் தெரிந்தான். பிறகு அவன் காலடியில் கரை ஒதுங்கிய ஒரு முழுத் திமிங்கலம் தெரிந்தது.

யூடித் லெய்ஸ்டர் (1609–1660) கதையில் பூசி மறைத்தது பெயரை. ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் 1633-இல் சேர்ந்தவர், மோலனாரின் மனைவி. 1635-இல் அவருடைய மாணவன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட்டான். லெய்ஸ்டர் சங்கத்தில் வழக்கு வைத்தார். கேட்டது 8 கில்டர், பையனின் தாயிடமிருந்து கிடைத்தது 4 கில்டர். ஹால்ஸுக்கு அபராதம் 3 கில்டர். ஊரின் மிகப் பெரிய ஓவியரை எதிர்த்து 26 வயதில் நின்ற பெண் அவர். ஆனால் அவர் இறந்தபின் படங்கள் ஹால்ஸ் பெயரில் போயின. 1892-இல் அவருடைய 'மகிழ்ச்சியான ஜோடி' லண்டனில் ஹால்ஸ் என்று 4,500 பவுனுக்கு விற்றது. பிறகு பொய்க் கையெழுத்தின் அடியில் லெய்ஸ்டரின் முத்திரை தெரிந்தது: இரண்டு எழுத்தும் ஒரு நட்சத்திரமும். 1893-இல் வழக்கு முடிந்து விலை 3,500 பவுனாக இறங்கியது. படம் அதே படம், சிரிப்பும் அதே சிரிப்பு. ஆணின் பெயர் போய்ப் பெண்ணின் பெயர் வந்ததற்குக் கழிவு 1,000 பவுன். ரைக்ஸ்மியூசியத்தின் பெருமை மண்டபத்தில் முதன்முறையாகப் பெண் ஓவியர்களின் படங்கள் ஏறியது 2021 மார்ச் 8-இல். மூன்றில் ஒன்று லெய்ஸ்டருடையது.

இருப்பு

தீட்டியவை 50 லட்சம் முதல் 1 கோடி. மிஞ்சியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் கையிருப்பு ஒரு லட்சத்துக்குள். மீதி, விறகாகவும் குப்பையாகவும் வேறு படங்களுக்கு அடியிலும் போயிற்று. மலிவாக வாங்கியதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. சிரிப்புப் படங்களைப் பிறக்க வைத்த அதே மலிவுதான் அவற்றை அழித்தும் விட்டது.

ஆகவே மிஞ்சியதைப் பார்ப்பது நம் கடமை என்றே சொல்வேன். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பில் லட்சக்கணக்கான படங்களை மிகத் துல்லியமாக எடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆவர்காம்பின் பனிச்சறுக்குக் காட்சியைத் திறந்து, இடது கீழ் மூலையில் இருக்கும் குருவிப் பொறியிலிருந்து தொடங்கி, விழுபவர்களை எண்ணிக்கொண்டே போங்கள்.